பூட்டிய பெட்டிக்குள் என்ன உள்ளடக்கம்?

கேள்வி: இலவச ஆன்லைன் ரோல்-பிளேயிங் (வேடம் கட்டி ஆடும்) விளையாட்டுகளில், காசு கட்டினால்தான் கிடைக்கும் பிரீமியம் உள்ளடக்கம் இருக்கலாமா? 2 வருடமாக விளையாடி லெவல் ஏறியவன் நான். நேற்று வந்து காசு கட்டியவர் என்னைத் தாண்டிப் போகிறார்.

பதில்: காசு, பிரீமியம் எல்லாம் அப்புறம். 'உள்ளடக்கம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. கதை எழுதினாலும் உள்ளடக்கம், பாடினாலும் உள்ளடக்கம், ஓவியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த காடும் மலையும்கூட உள்ளடக்கம். கதையைக் கதை என்றும் காட்டைக் காடு என்றும் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

அடக்கம் என்றால் உள்ளே அடங்கியிருப்பது. பணிவுக்கும் அதே பெயர். இறந்தவரைப் புதைப்பதும் அடக்கம்தான். வியாபாரிகளோ ஒரு பொருளுக்கு ஆன மொத்தச் செலவை 'அடக்க விலை' என்பார்கள். இலவசம் என்ற சொல் மறைப்பது இதைத்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் உலாவ சர்வர் இரவும் பகலும் ஓட வேண்டும். புதுக் குவெஸ்ட் (ஆட்டக்காரர் செய்து முடிக்க வேண்டிய சாகசப் பணி) எழுத ஆள் வேண்டும், திருட்டு ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிக்க ஆள் வேண்டும். நீங்கள் காசு கட்டாமல் விளையாடிய 2 வருடத்துக்கும் யாரோ கட்டியிருக்கிறார்கள். நேற்று வந்தவர்மேல் கோபப்படுமுன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விற்கலாம். எதை விற்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டு 2001-இல் வந்தது, மறு வருடமே சந்தாவும் வந்தது. அன்று காசு கட்டாதவர் அதிலுள்ள ஃபலடோர் நகரைச் சுற்றித் திரியலாம். பக்கத்து ஊரான டேவர்லிக்குப் போகும் வழியிலிருந்த கதவு மட்டும் அவருக்குத் திறக்காது. அந்தப் பக்கம் புது ஊர்கள், புதுத் திறன்கள், நீளமான குவெஸ்ட்கள். காசுக்கு என்ன கிடைக்கும் என்பது கதவுக்கு முன்னால் நிற்கும்போதே தெரியும். எனக்கு அந்தக் கதவைப் பிடிக்கும். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன் 2010-இல் இலவசமானபோது இன்னொரு வழி வைத்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே சாதனைகளைச் செய்து சேர்த்த புள்ளிகளைக் கொண்டும் கூடுதல் குவெஸ்ட்களை வாங்கலாம். காசில்லாதவர் நேரத்தைக் கொடுத்தார். உங்களைப் போல் பொறுமையாக ஆடுபவருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அதே ரூன்ஸ்கேப் 2012-இல் ஒரு பரிசுச் சக்கரத்தை நட்டது. சுழற்றினால் எது விழுகிறதோ அது. இன்னும் சுழற்றக் காசு. பழைய ஆட்டக்காரர்கள் பலர் கொதித்துப்போனார்கள், கொதித்தது நியாயம். கதவுக்கு அப்பால் ஊர் இருந்தது. சக்கரத்துக்கு அப்பால் இருந்ததெல்லாம் 'வந்தாலும் வரும்' என்ற ஆசை.

மேப்பிள்ஸ்டோரி என்ற விளையாட்டின் கதை இன்னும் மோசம். ஆயுதத்தின் கூடுதல் சக்திகளைக் குலுக்கி மாற்றித்தரும் 'கியூப்' என்ற பொருளை அங்கே காசுக்கு விற்றார்கள். ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்பிய சக்திகள் வரும் வாய்ப்பை நெக்ஸான் நிறுவனம் சொல்லாமல் குறைத்தது. சில சேர்க்கைகள் வரவே வராதபடியும் செய்துவைத்தது. தென்கொரியாவின் வணிகப் போட்டி ஆணையம் 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் போட்டது. உள்ளே இல்லாத ஒன்றை உள்ளே இருப்பதாகக் காட்டி விற்பதற்கு உள்ளடக்கம் என்றா பெயர்? இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வராத ஒன்றுக்காக எத்தனை பேர் எத்தனை இரவு கியூப் உடைத்திருப்பார்கள்!

பத்திரிகையில் பொருளடக்கம் என்று ஒரு பக்கம் இருக்கும். எந்தப் பக்கத்தில் என்ன என்று வாங்கும் முன்பே புரட்டிப் பார்க்கலாம். காசு கொடுத்துத் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாத குலுக்கல் பெட்டிக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சீனா 2017 மே மாதம் முதல் விதியாகவே ஆக்கியது. எது கிடைக்க எத்தனை வாய்ப்பு என்று வெளியிட்டாக வேண்டும் என்றது அந்த விதி. பெல்ஜியம் 2018-இல் காசு வாங்கும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. நான் பெல்ஜியத்தின் பக்கம்.

சரி, உங்கள் லெவல் விஷயம். 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. போதுமான புள்ளி சேர்த்தவர் 'விசார்ட்', அதாவது மந்திரவாதி, ஆவார். அந்தப் பெயரோடு ஒருவர் அறைக்குள் நுழைந்தால், அவர் எத்தனை முறை செத்துப் பிழைத்து வந்திருப்பார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். வேடம் கட்டி ஆடும் விளையாட்டில் அந்த வேடத்துக்குப் பின்னால் இருக்கும் கதைதான் ஆளுக்கு மதிப்பு. நேற்று வந்தவர் புதுக் காட்டை வாங்கட்டும், பளபளக்கும் அங்கியை வாங்கட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் உங்கள் விளையாட்டில் லெவலையே விலைக்கு விற்கிறார்கள் என்றால் உங்கள் கோபம் முழுக்க நியாயம். அங்கேயே இருந்து இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.