வாசகர் கேள்வி பதில்: இணையதளம் யாருக்காக?

கேள்வி: கோயிலை ஒட்டி நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்குச் சென்ற ஆண்டு ஓர் இணையதளம் அமைத்தோம். முகப்பில் கோபுரப் படம் அசைகிறது, பக்திப் பாடல் ஒலிக்கிறது, நிர்வாகக் குழுவின் வரலாறும் இருக்கிறது. சேர்க்கை விண்ணப்பமும் வைத்திருக்கிறோம். ஆனாலும் பெற்றோர் தொலைபேசியில்தான் கேட்கிறார்கள். குறை எங்கே? (வாசகர், மோல்மீன்)

பதில்: தொலைபேசியில் அவர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதுவே தங்கள் முகப்பில் இல்லாதது. அழைப்பை எடுப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு கேள்வியையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வயதில் சேர்ப்பார்கள், கட்டணம் உண்டா என்பவையே திரும்பத் திரும்ப வரும் என்று எண்ணுகிறேன். அவற்றுக்கான விடைகளை முகப்பின் முதல் வரிகளாக எழுதிவிட்டு, குழுவின் வரலாற்றை அடுத்த பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

பாடலையும் அசையும் படத்தையும் எடுத்துவிடுவதே நல்லது. 2014இல் ஊரிடூ, டெலினார் என்னும் தொலைபேசி நிறுவனங்கள் 1,500 கியாட்டுக்குச் சிம் அட்டை விற்கத் தொடங்கிய பிறகுதான் நம் மியன்மாரில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் எட்டியது. ஆகவே கணினியைத் தொடாமலே கைப்பேசி வழியாக இணையத்துக்கு வந்தவர்களே இங்கு மிகுதி. வடிவமைத்தவர் அகலத் திரையில் பார்த்து மகிழ்ந்த படம், மின்சாரம் நின்றுபோன மாலையில் பாட்டரியையும் டேட்டாவையும் எண்ணிச் செலவழிக்கும் ஒரு தாய்க்கு, விடை வருவதற்கு முன்னால் நிற்கும் தடையாகவே இருக்கும்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேறோர் அமைப்பின் விண்ணப்பத்தை ஒரு தாய் கைப்பேசியில் நிரப்பியபோது நான் அருகில் அமர்ந்திருந்தேன். முதல் கட்டத்தில் மகளின் பெயரை எழுதினார். இரண்டாவது கட்டம் குடும்பப் பெயரைக் கேட்டது. பர்மியருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்துதான் வழக்கம், அதோடு வீட்டில் தமிழ்ப் பெயரும் பள்ளியில் பர்மியப் பெயருமாகப் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் வேறு. அவர் கணவர் பெயரை இட்டார், அழித்தார். மகளின் பர்மியப் பெயரை இட்டார், அதையும் அழித்தார். அடுத்த கட்டம் மின்னஞ்சலைக் கேட்டது. அவருக்கு மின்னஞ்சல் கிடையாது, அதை நிரப்பாமல் மேலே செல்லவும் வழியில்லை. கைப்பேசியை மடியில் கவிழ்த்துவைத்து, "நேர்லயே வந்து சொல்லிடுறேங்க" என்றார். எழுதப் படிக்க நன்கு தெரிந்த அவர், தமக்குத்தான் விவரம் போதவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பிள்ளையின் பெயர், பள்ளியில் வேறு பெயர் இருந்தால் அது, வயது, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகிய நான்கு மட்டும் தங்களுக்குப் போதும். மாற்றியபின் ஐந்து பெற்றோரை ஒருவர் பின் ஒருவராக அழைத்து, அவர்களுடைய கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கச் சொல்லி, வாய் திறவாமல் பார்த்திருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே குறைகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். விரல் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவிக்குப் போய்விட்டால் அந்த இடங்கள் தெரியாமலே போய்விடும்.

கேள்வி: தளத்தில் தமிழ் மட்டும் போதாதா? பர்மிய எழுத்துகள் சிலருக்குச் சிதைந்து தெரிகின்றன. (வாசகி, யாங்கோன்)

பதில்: போதாது, அம்மா. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின் தமிழ்ப் படிப்பு குறுகியதால், தமிழ் பேசினாலும் பர்மிய எழுத்தை மட்டுமே வாசிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். பிள்ளையாவது படிக்கட்டும் என்று தேடி வருபவர்களும் அவர்களே. எழுத்துச் சிதைவுக்குப் பெரும்பாலும் ஒருங்குறி (யூனிகோட்) என்னும் உலகப் பொது எழுத்துமுறையைப் பின்பற்றாத ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவே காரணம். 2019 அக்டோபர் 1 முதல் நாடு ஒருங்குறிக்கு மாறத் தொடங்கியபோதும், பழைய கோப்புகளிலிருந்து எடுத்து ஒட்டிய வரிகள் பழைய முறையிலேயே இருக்கக்கூடும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி இடுங்கள். சிதைவுக்கு அஞ்சி எழுத்தைப் படமாக்கிவிடாதீர்கள், ஏனெனில் கண் மங்கியவர் அதைத் தெளிவாகப் பெரிதாக்க முடியாது, பார்வையற்றவருக்கு அதை வாசித்துக்காட்டும் மென்பொருளும் திணறும். இரு மொழிகளிலும் ஒவ்வொரு பக்கத்தின் மேற்புறத்திலும், தொட்டவுடன் அழைப்பு செல்லும்படி தொலைபேசி எண் இருக்கட்டும்.