முழம்கூட அகலமில்லாத துணி

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். கோடைத் திருவிழாவுக்கு மனைவிக்கு யுகாதா (கோடையில் உடுத்தும் பருத்தி கிமோனோ) தைக்கத் துணி தேடிப் போனேன். நீலப் பூப்போட்ட பருத்திச் சுருள் இரண்டு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. விலையில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். அகலமோ ஒரு முழம்கூட இல்லை. ஏமாற்றுகிறார்களா? மிச்சத்தில் எனக்கு ஒரு சட்டை தேறுமா?

பதில்: அகலத்தில் ஏமாற்று இல்லை. 'தன்மோனோ' என்கிற அந்தச் சுருளே சுமார் 37 செ.மீ. அகலம், 12 மீட்டர் நீளம்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு யுகாதா, அவ்வளவே கணக்கு. வளைவாக எதையும் வெட்டாமல் நேர்நேராக வெட்டி இணைப்பதால் மிஞ்சுவது துண்டுதுணிதான். சட்டையை மறந்துவிடுங்கள்.

விலை வித்தியாசத்துக்கு வருவோம். அடுத்த முறை துணியைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கம் வெளிறிப்போயிருந்தால் அது மேலே அச்சடித்தது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக இருந்தால் பெரும்பாலும் 'சூசென்' சாயம். துணியை அடுக்கடுக்காக மடித்து, மடிப்புக்கு மடிப்பு அச்சுத்தாள் வைத்துப் பசை தடவுவார்கள். பசை படாத இடத்தில் கெண்டி மாதிரி ஒரு பாத்திரத்தால் சாயத்தை ஊற்ற, கீழிருந்து பம்ப் அதை உறிஞ்சும். சாயம் எல்லா அடுக்கிலும் இறங்கிவிடும். ஒசாகாவுக்குப் பக்கத்திலேயே, சகாய் நகரில் இந்த வேலை நடக்கிறது. விடுமுறையில் ஒரு நடை போய் வாருங்கள்.

இப்போது இரண்டு பக்கமும் அச்சடிப்பதும் உண்டு. அதனால் பூவின் ஓரத்தையும் கவனியுங்கள். சூசெனில் நிறம் லேசாகக் கசிந்து, நீலத்துக்குள்ளேயே அடர்த்தி கூடிக் குறையும். கத்தியால் நறுக்கியதுபோல ஓரம் இருந்தால் சந்தேகப்படலாம். அச்சுத்துணி மட்டம் என்று சொல்லவில்லை. ஒரு கோடைக்குப் போதும் என்றால் அதையே வாங்குங்கள். அதற்குச் சூசென் விலை கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

வாங்குமுன் மனைவியின் கையை அளந்துகொள்ளுங்கள். கையைப் பக்கவாட்டில் பாதி உயர்த்தச் சொல்லி, பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை. இந்த நீளத்துக்குத் துணியில் உடம்புக்கு ஓர் அகலம், கைக்கு ஓர் அகலம். தையல் மடிப்புக்குப் போனது போக, 37 செ.மீ. துணியில் 71, 72 செ.மீ. வரைதான் எட்டும். அதற்கு மேல் என்றால் 40 செ.மீ. அகலச் சுருளாகக் கேளுங்கள். பழைய பொருள் கடைச் சுருள்கள் இன்னும் குறுகலாக இருக்கலாம். மடிப்புக் கோட்டில் வெளுத்தும் இருக்கலாம். விரித்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

வெட்டுமுன் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் தையல்காரரைத் திட்டிப் பயனில்லை.

சரி, சட்டை ஆசை விடவில்லை என்றால் அதற்குத் தனியாகத் தொகுஷிமாவின் 'அவா ஷிஜிரா' வாங்குங்கள். நெய்தபின் வெந்நீரில் நனைக்கும்போது மேடுபள்ளமாகச் சுருக்கம் விழும் துணி. வியர்த்தாலும் முதுகில் ஒட்டாது. அதுவும் குறுகல்தான். முதுகுக்கு நடுவில் ஒரு தையல் வரும் என்று தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.