விளம்பரம் முதல் பக்கம் வரைதான் கூட்டிவரும்

கேள்வி: என் தாத்தாவின் கோலார் தங்கவயல் வாழ்க்கையை 320 பக்க நாவலாக எழுதி, நானே கிண்டிலில் ஏற்றினேன். சொந்தச் செலவில் 200 பிரதிகள் அச்சிட்டும் விற்கிறேன். தமிழ் எம்.ஏ. படித்த என் மனைவி இரண்டு முறை பிழை திருத்தினார். ஆனாலும் விற்பனை மந்தம். எடிட்டரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார் நண்பர். அந்தப் பணத்தை விளம்பரத்தில் போடலாம் என்பது என் கருத்து. வாசகர் கதையைத்தானே படிக்கிறார், எடிட்டிங்கையா? புத்தகத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— வாசகர் ஒருவர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐயா, தயவுசெய்து இப்போது விளம்பரத்தில் பணம் போடாதீர்கள். இன்றுள்ள நிலையில் இந்த நாவலை எத்தனை பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், பெரும்பாலோர் முப்பதாம் பக்கத்தைத் தாண்டமாட்டார்கள். அப்புறம் உங்கள் அடுத்த புத்தகத்தை அவர்கள் கையில் எடுப்பதும் கஷ்டம்.

உங்கள் துணைவியார் தன் வேலையை நன்றாகச் செய்திருக்கிறார். ஒற்றுப்பிழை அநேகமாக இல்லை. ஆனால் அவர் பார்த்தது மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை திருத்தம். எடிட்டிங் என்பது அதற்கு முந்தைய வேலை, வேறு வேலை. அதோடு, உங்கள் தாத்தா கதையை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருபவர். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சின்னசாமியாக இருக்கும் மேஸ்திரி நூற்றறுபதாம் பக்கத்தில் சின்னப்பனாகிவிடுகிறார். உங்கள் துணைவியாருக்கு அது உறுத்தாது, ஆள் யாரென்று முன்பே தெரியும். எனக்குத் தெரியாது. பத்துப் பக்கம் பின்னால் போய்த் தேடினேன். காசு கொடுத்து வாங்கியவர் அப்படித் தேடமாட்டார்.

கதையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் இருபத்தாறு பக்கம் வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் கிளம்பிய வரலாறு. யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த நிலம் யாருக்குப் போனது என்று நீள்கிறது. இருபத்தேழாம் பக்கத்தில் உங்கள் தாத்தா முதல் முறையாகச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் கேஜில், அதாவது ஆட்களை இறக்கும் கூண்டில், இறங்குகிறார். காது அடைக்கிறது. பக்கத்தில் நிற்பவர் ஜெபமாலையை உருட்டுகிறார். இறங்க இறங்க வெக்கை ஏறுகிறது, மேலே போட்டுவந்த சட்டை நனைந்து உடம்போடு ஒட்டுகிறது. அந்த மூன்று பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அதை எழுதிய கை நல்ல கை. அதை ஏன் இருபத்தாறு பக்கத்துக்கு அடியில் புதைத்து வைத்தீர்கள்? நல்ல எடிட்டர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். குடும்ப வரலாற்றில் தேவையான நாலைந்து செய்திகளைப் பின்னால் அங்கங்கே தூவச் சொல்வார், மற்றதை எடுக்கச் சொல்வார். எடுக்கும்போது உங்களுக்கு வலிக்கும், அவை உங்கள் சொந்தக்காரர்கள் அல்லவா? வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது அதனால்தான்.

அடுத்தது தகவல். 1898இல் கொள்ளுத்தாத்தா வேலைக்குச் சேரும் நாளில் சிவசமுத்திரத்து மின்சாரத்தில் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902இல். கடைசிப் பகுதியில் 2003 தீபாவளிக்குச் சுரங்கத்தில் போனஸ் கொடுக்கிறார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. இந்த நாவலை முதலில் வாங்கப்போவது யார்? மாரிக்குப்பத்திலிருந்தும் ஊர்காமிலிருந்தும் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள், இங்கேயே குடியேறிவிட்ட அவர்கள் பிள்ளைகள். சுரங்கம் மூடிய தேதியை அவர்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க முடியாது, அன்றோடு சம்பளம் நின்றுபோன வீடுகள் அவை. அந்த ஒரு வரியைப் படித்ததும், நீங்கள் உண்மையாக எழுதிய மற்ற இடங்களையும் அவர்கள் சந்தேகப்படுவார்கள். அப்படி ஒன்று நடப்பதற்கு முன்னால் தடுத்து நிறுத்தும் ஆள்தான் எடிட்டர்.

வாக்கியத்துக்கு ஒரே ஓர் உதாரணம் தருகிறேன். பாட்டி இறந்த இடத்தில், “சொல்லொணாத் துயரத்தோடும் மிகுந்த வேதனையோடும் கண்களில் கண்ணீர் மல்க அவர் அழுதார்” என்று இருக்கிறது. “அழுதார்” போதும். அதற்கு முந்தைய வரியில், பாட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார் என்று எழுதிவிட்டீர்களே, துயரம் முழுக்க அதில் வந்துவிட்டது.

மின்னூலில் இன்னொன்று உண்டு, அச்சுத் தாளில் எந்தக் கண்ணுக்கும் தெரியாதது. கௌரி என்ற பெயரை எல்லா இடத்திலும் ‘கெ’ போட்டு, பக்கத்தில் தனியாக ஒரு ‘ள’ அடித்திருக்கிறீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கணினிக்கு அது வேறு எழுத்து. கௌரி என்று சரியாகத் தட்டித் தேடுபவருக்குப் புத்தகத்தில் ஒரு கௌரியும் கிடைக்கமாட்டாள். தமிழில் மின்னூல் வேலை தெரிந்தவர் இதைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் புத்தகத்தை எடுத்தவர் எத்தனை பக்கம் படித்தாரோ அத்தனை பக்கத்துக்குத்தான் உங்களுக்குப் பணம். இருபதாம் பக்கத்தில் மூடிவிட்டால் மீதி முந்நூறு பக்கத்துக்கு ஒன்றும் வராது. வாங்கிப் படிப்பவரும் தொடக்கப் பக்கங்களை மாதிரியாக இலவசமாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார். உங்கள் மாதிரிப் பக்கங்களில் கேஜும் இல்லை, சுரங்கமும் இல்லை, நிலப் பாகப்பிரிவினை இருக்கிறது. அச்சிலும் அப்படித்தான். பதினாறு பக்கம் ஒரு பாரம், உங்களுடையது இருபது பாரம். என் கணக்கில் மூன்று பாரம் தாராளமாகக் குறையும், அடுத்த அச்சில் விலையையும் குறைக்கலாம்.

தமிழில் எடிட்டருக்கு வழக்கமே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் செம்மையாக்கத்தை, அதாவது எடிட்டிங்கைத்தான், பதிப்பு வேலையின் உயிராக வைத்திருந்தார். அவர் 2020இல் மறைந்தார். அந்த வழக்கம் இன்னும் நிறையப் பரவவில்லை என்பது நமக்கு நஷ்டம், எடிட்டர் வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது.

யாரிடம் கொடுப்பது? புத்தகம் போட்டுத் தரும் பேக்கேஜில் எடிட்டிங்கும் சேர்த்தே செய்து தருகிறோம் என்பவர்களிடம், என்னென்ன செய்வீர்கள் என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் அது எழுத்துப்பிழை பார்ப்பதோடு நின்றுவிடும். முன்பணம் தருவதற்கு முன் ஓர் அத்தியாயத்தை மாதிரிக்குச் செய்து தரச் சொல்லுங்கள். உங்களைக் கேள்வி கேட்கிறவரை எடுங்கள், எல்லாம் பிரமாதம் என்கிறவரை விடுங்கள். திருத்தி முடித்ததும் கிண்டிலில் பழைய கோப்பின் இடத்தில் புதியதை ஏற்றிவிடலாம், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

வேலையைத் தொடங்கும் முன் அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். உங்கள் பாட்டியும், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுப் பெண்களும் பேசும் தமிழில் கன்னடமும் தெலுங்கும் சுரங்கத்து இங்கிலீஷும் கலந்து வருகின்றன. அதில் ஒரு வார்த்தையைக்கூடப் பாடப்புத்தகத் தமிழாக மாற்றக் கூடாது.