நாலு நாளில் நின்று, அடுத்த மாதமே திரும்பும் காது நாற்றம்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம்ங்க. எங்கள் லேப்ரடாருக்கு நாலு வயசு. ரெண்டு காதும் நாறுது, பழுப்பாக அழுக்கு வருது, தலையை ஆட்டிக்கிட்டே இருக்கான். சொட்டு மருந்து காதுக்கு நாலு சொட்டு விட்டால் நாலஞ்சு நாளில் சரியாகுது, அடுத்த மாசம் மறுபடியும் வருது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டால் தினமும் குதிப்பான். அதனாலதானுங்களா? ஆனால் வாய்க்கால் காஞ்சு கிடக்கிறப்பவும் வருது. கோழிக்கறிச் சோறும் பாலும்தான் சாப்பாடு. பாதத்தை வேறு நக்கிக்கிட்டே இருக்கான்.

பதில்: பாதத்தை நக்குவதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் கவனிக்க வேண்டியதே அதுதான். இரண்டு காதும் சேர்ந்து வருவது, ஆண்டு முழுக்க வருவது, கூடவே பாத அரிப்பு: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வாமை என்றே சந்தேகிக்கத் தோன்றுகிறது. காதுக் குழாயின் உட்புறமும் தோல்தான். ஒவ்வாமையில் அது வீங்கி, மெழுகை அதிகமாகச் சுரக்கும். அந்த ஈரத்திலும் சூட்டிலும் மலசீசியா என்ற ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகும். நீங்கள் விடும் மருந்து கிருமியைக் கொல்கிறது, ஒவ்வாமை அப்படியே இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் நோயைக் கிளறிவிடும், ஆனால் மூலம் அது இல்லை.

அடுத்தது அந்த நாலு சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. நாயின் காதுக் குழாய் மேலிருந்து கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக மடங்கிச் செல்லும். லேப்ரடார் அளவு நாய்க்கு நாலு சொட்டு அந்த மடக்கைத் தாண்டுவதே சந்தேகம். பெரிய நாய்க்குப் பல மருந்துகளில் காதுக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை தேவைப்படும். உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நாற்றம் போனதும் நிறுத்துவதும் தவறு. பெரும்பாலும் இரண்டு வாரமாவது ஆகும். நிறுத்தும் முன் காது அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் மறுபடி பார்த்துக் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

இந்தச் சோதனையை முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். பஞ்சுக்குச்சியில் எடுத்த அழுக்கைக் கண்ணாடியில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலைதான். ஈஸ்டா, உருண்டை பாக்டீரியாவா, கோல் வடிவ பாக்டீரியாவா என்று தெரிந்துவிடும். கோல் வடிவம் தெரிந்தால் சூடோமோனாஸாக இருக்கலாம். அது எளிதில் மருந்துக்கு அடங்காது, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை வேண்டும். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்றும் காதுநோக்கியில் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் உள்காதில் இறங்கிக் கேட்கும் திறனைக் கெடுக்கலாம். பழைய பாட்டிலில் மிச்சம் இருப்பதைத் தாமாக விடக்கூடாது என்பது இதனால்தான்.

சுத்தம் செய்ய நாய்க் காதுக்கென்றே விற்கும் திரவம் வாங்குங்கள். காது மடலை மேலே தூக்கி, குழாயின் வாயில் தெரியும் அளவுக்கு நிரப்புங்கள். மடலுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படும் குழாயை அரை நிமிடம் பிசைந்தால் சளக் சளக்கென்று சத்தம் வரும். சத்தமே வரவில்லை என்றால் திரவம் உள்ளே போகவில்லை. பிறகு விட்டுவிடுங்கள், அவனே தலையை உதறுவான் (சாளைக்கு வெளியே வைத்துச் செய்தால் சுவர் பிழைக்கும்). மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். காது காய்ந்தபின் மருந்து விடுங்கள். சிகிச்சையின்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை போதும். தினமும் கழுவினால் தோல் ஊறிப்போகும். பட்ஸ் குச்சி அழுக்கை உள்ளேதான் தள்ளும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வெங்காயச் சாறு, காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். காது தொடவிடாத அளவு வலித்தாலோ, குழாய் வீங்கி மூடியிருந்தாலோ கழுவவே கூடாது. வீக்கம் இறங்க மருத்துவர் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தருவார், அதன்பிறகுதான் சொட்டு உள்ளே இறங்கும்.

இனி மூலத்துக்கு வருவோம். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி எட்டு வாரச் சோதனைச் சாப்பாடு. இதுவரை அவன் தின்றே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, அவ்வளவுதான். மீன் தின்றதில்லை என்றால் முள் நீக்கி வேகவைத்த மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுக்கலாம். கோழி, முட்டை, பால், தயிர், பிஸ்கட் எல்லாம் நிற்க வேண்டும். கடையில் வாங்கும் நாய்த் தீவனம் பலவற்றிலும் கோழி இருக்கும். இறைச்சி வாசனை சேர்த்த உண்ணி மாத்திரையும் சோதனையைக் கெடுக்கும், வாசனையில்லாத வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சோதனை தோற்பது குழந்தைகள் நீட்டும் ஒரு துண்டு பிஸ்கட்டால்தான். அரிப்பு குறைந்தால் எட்டு வாரம் முடிந்தபின் கோழியை மட்டும் திரும்பக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் நக்கல் தொடங்கினால் கோழிதான் காரணம். எட்டு வாரத்திலும் மாற்றமே இல்லையென்றால் தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றின் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு அரிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை நீண்ட நாள் தேவைப்படும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, சுற்றிச் சுற்றி நடந்தாலோ, வாய் திறக்க வலித்தாலோ அன்றே காட்டுங்கள். நோய் நடுக்காதுக்கு இறங்கியிருக்கலாம். காது மடல் பை போல உப்பினால் உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, வீட்டில் ஊசி குத்தி எடுக்கக் கூடாது. உள்ளூரில் அடங்காவிட்டால் நாமக்கல் அல்லது உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். ஆண்டுக்கணக்கில் விட்டால் குழாய் தடித்து எலும்பு போல இறுகிவிடும். அப்போது குழாயையே அகற்றும் அறுவைதான் மிஞ்சும்.

வாய்க்கால்? சிகிச்சை முடியும்வரை இறங்க விடாதீர்கள். குணமான பின் தாராளமாகக் குதிக்கட்டும், கரையேறியதும் காதைத் துடைத்து, உலர்த்தும் தன்மையுள்ள அதே திரவத்தைக் கொஞ்சம் விட்டு உதற விடுங்கள்.