கடலில் ஜிபிஎஸ்: காசிமேட்டுக் கேள்விகளும் பதில்களும்

காசிமேடு, லாஞ்சு டிரைவர்: அண்ணா, தெரிஞ்சவர் வலை போட ஒரு பாயிண்டு, அட்சரேகை 13 07 50-ன்னு எழுதிக் கொடுத்தாரு. அப்படியே போட்டேன். வலை பாறையில மாட்டிக்கிச்சு. ஜிபிஎஸ் செட்டு போயிடுச்சா?

செட்டு நன்றாகத்தான் இருக்கிறது, எழுதியதில்தான் கோளாறு. அந்த எண்ணை 13 டிகிரி 07.50 நிமிடம் என்றும் படிக்கலாம், 13 டிகிரி 07 நிமிடம் 50 நொடி என்றும் படிக்கலாம். 50 நொடி என்றால் 0.833 நிமிடம். வித்தியாசம் 0.333 நிமிடம். தெற்கு வடக்காக ஒரு நிமிடத்துக்கு 1852 மீட்டர். அப்படியானால் 617 மீட்டர் தள்ளிப் போகும். மெனுவில் நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இலக்கம் வரும் முறையை வையுங்கள், டேட்டம் (இடத்தை அளக்கும் அடிப்படை முறை) டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்கட்டும், ஜிபிஎஸ் பயன்படுத்துவது அதுதான். எழுதும்போது புள்ளியைப் பெரிதாகப் போடுங்கள்.

எண்ணூர், பைபர் படகு: டவர் இல்லாத இடத்துல செல்போன் ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு கூட வர்றவரு சாதிக்கிறாரு. நெசமா?

இல்லை. ஜிபிஎஸ் சிப் செயற்கைக்கோளிடம் நேராக சிக்னல் வாங்குகிறது. சிம் கார்டே தேவையில்லை.

எண்ணூர், அதே படகு: நான்தான் அப்படிச் சொன்னது. நடுக்கடல்ல ஆன் பண்ணி ரொம்ப நேரம் ஆகியும் புள்ளி வரலை. கண்ணால பாத்தேண்ணா!

நீங்கள் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. இடம் கணிக்க நான்கு செயற்கைக்கோள் வேண்டும். மூன்று இடத்துக்கு, நான்காவது போன் கடிகாரத்தின் பிழையைக் கழிக்க. ஒவ்வொன்றும் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி அனுப்புகிறது. போன் சட்டைப்பையிலோ கூரைக்கு அடியிலோ இருந்து இடையில் அறுந்தால், விட்டுப்போன துண்டுக்கு அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். கரையில் இதே விவரம் இணையத்தில் சில நொடியில் வந்துவிடுவதால்தான் டவர் முக்கியம் என்று தோன்றுகிறது.

துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் டேட்டாவோடு ஆன் செய்து இடம் வரும்வரை பாருங்கள். அந்த விவரம் சுமார் 4 மணி நேரம் செல்லும். வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள். திரை வெள்ளையாக இருந்தால் அங்கே இல்லாதது படம், இடம் அல்ல.

எண்ணூர், அதே படகு: அப்போ போனே போதுமே?

போதாது. உப்புத் தண்ணீரும் வெயிலும் சார்ஜும் கைவிடும் நாளில் தனிச் செட்டுதான் காப்பாற்றும். போன் மாற்றுக்கு மட்டும்.

ராயபுரம்: வூட்டுக்காரரு படகுல ஜிபிஎஸ் இருக்கு. கரையிலிருந்து பாக்க முடியுமாண்ணா?

முடியாதும்மா. அது வாங்கும், எதையும் அனுப்பாது. அனுப்புவதற்கு டிரான்ஸ்பாண்டர், அதாவது படகின் இடத்தைக் கரைக்கு அனுப்பும் கருவி, வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

காசிமேடு: 12 58 300-ன்னு வந்திருக்கு, கரெக்டா?

புள்ளி எங்கே? முதல் பதிலைப் படியுங்கள். 300 நொடி என்று ஒன்று கிடையாது, 58.300 நிமிடமாக இருக்கலாம். கொடுத்தவரைக் கேட்காமல் வலை விடாதீர்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: பழைய செட்டு, தேதி இருபது வருஷம் பின்னாடி காட்டுது.

ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் (கிரீன்விச் நேரம்) எண் மறுபடி 0 ஆனது. பழைய செட்டு அதை முந்தைய சுற்று என்று எடுத்துக்கொண்டால் 1024 வாரம், அதாவது இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, பின்னால் போய்விடும். இடம் பெரும்பாலும் சரியாகவே காட்டும். அதில் வரும் ஓத நேரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

திருவொற்றியூர்: இன்ஜின் ஸ்டார்ட் பண்ணா செட்டு ஆஃப் ஆகி ஆன் ஆகுது.

ஸ்டார்ட்டர் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி சட்டென்று இறங்குகிறது. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் செட்டுக்குத் தனி பேட்டரி, கையேட்டில் சொன்ன அளவு ஃப்யூஸ்.