விற்பனை ஏறுகிறது, கையில் காசு இல்லை: கொலுசுப் பட்டறைக்கு எந்தக் கணக்கு வேண்டும்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் எட்டுப் பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டி வெள்ளியைச் சொந்தமாக வாங்கி, கொலுசு செய்து, செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளுக்கும் வெளியூர்க் கடைகளுக்கும் கொடுக்கிறோம். போன வருடத்தைவிட விற்பனை ஒன்றரை மடங்கு. ஆனால் சனிக்கிழமை கூலி பட்டுவாடாவுக்கே திணறுகிறேன். பி.காம். முடித்த மகள் கம்ப்யூட்டரில் இருபது வகைக் கணக்கு எழுதலாம் என்கிறாள். உண்மையில் எதைக் கவனித்தால் போதும்?

பதில்: முதலில் அந்த ஒன்றரை மடங்கைப் பார்த்துவிடுவோம். அது ரூபாயிலா, கிலோவிலா? 2025 தொடக்கத்தில் கிராம் நூறு ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி, அந்த வருடக் கடைசியில் இருநூறைத் தாண்டியது. டச் கணக்கை, அதாவது நூறு பங்கில் சுத்த வெள்ளி எத்தனை என்பதை, ஒதுக்கிவிட்டு ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மாதம் 60 கிலோ கொடுத்தபோது 60 லட்சம். விலை இரட்டித்த பிறகு 45 கிலோ கொடுத்தாலே 90 லட்சம். பில் புத்தகத்தில் ஒன்றரை மடங்கு, பட்டறையில் வேலையோ கால்பங்கு குறைவு. உங்கள் வருமானம் வியாபாரிகள் தரும் செய்கூலியும் சேதாரத்தில் மிச்சம் பிடிப்பதும்தான். இரண்டும் எடையைப் பொறுத்தவை. அதனால் விற்பனையைக் கிலோவில் எழுதுங்கள், இதுதான் முதல் கணக்கு.

ரூபாய்க் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஜிஎஸ்டிக்கு அது வேண்டும், வங்கிக்கும் வேண்டும். சிறு தொழிலுக்கு 5 கோடி வரையான நடைமுறை மூலதனக் கடனை எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்ற கணக்கில்தான் வங்கிகள் பொதுவாகத் தருகின்றன. இதில் ஒரு சங்கடமும் உண்டு. விலை ஏறியதால் மட்டும் விற்பனை கூடினாலும் கடன் வரம்பு கூடும். கூலி வருமானம் கூடாமலேயே வட்டி கூடும்.

அடுத்தது வெள்ளி இருப்பு. உங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், மகளை இதில் உட்கார வையுங்கள். வாரம் ஒரு நாள், திங்கள் காலை வேலை தொடங்கும் முன்னால், கட்டி, கம்பி, தொழிலாளிகளிடம் இருக்கும் பாதி வேலை, முடிந்த சரக்கு எல்லாவற்றையும் நிறுத்து, டச்சால் பெருக்கிச் சுத்த வெள்ளியாக எழுத வேண்டும். 70 டச்சில் 10 கிலோ என்றால் 7 கிலோ சுத்தம். போன வார இருப்போடு உள்ளே வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்தால் வரும் எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வாரக் கழிவு. வியாபாரி ஒத்துக்கொண்ட சேதாரத்தைவிட அது கூடினால் உங்கள் கைக்காசு போகிறது என்று பொருள். கிலோவுக்கு 10 கிராம் கூடினால் 45 கிலோவுக்கு 450 கிராம். நூறு ரூபாய் விலையில் அது 45,000, இருநூறில் 90,000. பழைய கை, பழைய அரம், அதே கழிவு, நஷ்டம் மட்டும் இரட்டிப்பு.

கழிவு கூடியதும் திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். கம்பி இழுப்பு, பற்றவைப்பு, அரம், மெருகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொடுத்த எடை, வாங்கிய எடை எழுதினால் எங்கே போகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பல நேரம் அரப்பொடியிலும் மெருகுத் தண்ணீரிலும் கூட்டிய குப்பையிலும்தான் இருக்கும். அதைச் சேர்த்து உருக்கி வாங்கியதையும் கணக்கில் வரவு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யார் கையில் எத்தனை கிராம் கழிவு என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். எடையை ஈடுகட்ட, வெள்ளி குறைவாக உள்ள பற்றவைக்கும் பொடி கொஞ்சம் தாராளமாக விழும். எடை சரியாக வரும், டச் இறங்கும், கடைக்காரர் உருக்கிப் பார்க்கும் நாளில் உங்கள் பெயர் கெடும். எனவே கழிவைத் தனியாகப் பார்க்கக் கூடாது. வாரம் ஒரு ஜோடியாவது டச் பார்த்து, அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, பாக்கி நாள். சனிக்கிழமைத் திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். வெளியே நிற்கும் கூலி பாக்கி, ஒரு மாதக் கூலி வருமானத்தைப் போல ஒன்றரை மடங்கு என்றால் 45 நாள் பாக்கி. வெள்ளி பாக்கியைத் தனியாகக் கிராமில் எழுதுங்கள். கிராம் 150 இருக்கும்போது அந்த விலையையே ரூபாயில் பேசி முடித்து 5 கிலோவைக் கடனுக்குக் கொடுத்தீர்கள், ஏழரை லட்சம். பணம் வரும்போது விலை 200 என்றால் அதற்கு மூன்றேமுக்கால் கிலோதான் கிடைக்கும். பில்லில் லாபம், பெட்டியில் ஒன்றேகால் கிலோ வெள்ளியைக் காணோம். விலை இறங்கினால் இது உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும், ஆனால் அது சூதாட்டம், தொழில் இல்லை. கடன் என்றால் வெள்ளிக்கு வெள்ளி, கூலி மட்டும் ரூபாயில் என்று பேசிக்கொள்ளுங்கள்.

கூலி பாக்கியை வசூலிக்கச் சட்டமும் துணை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி இறுகிவிட்டது: கெடு தாண்டிய தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் இதை நினைவூட்டினால் பல கடைகள் தாமாகவே பணம் அனுப்பும். அதற்கு நீங்கள் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, வைத்திருக்க வேண்டும். பதிவு இலவசம், இடையில் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாலாவதாக, திரும்பி வந்த ஜோடிகள். கொக்கி விட்டது, ஜோடியில் எடை வித்தியாசம், திருகு சேரவில்லை என்று காரணத்தோடு ஒரு வரி போதும்.

எதையும் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்தால் பட்டறை ஒழுங்காக ஓடாது, தீபாவளிக்கு முன்னால் ராத்திரியும் ஓடும். ஆடியைப் போன ஆடியோடு வைத்துப் பாருங்கள்.

மகளின் இருபதில் மீதி? அவர் எழுதட்டும், தடுக்காதீர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த எண் மாறினால் நாளைக் காலை நாம் எதை மாற்றுவோம்? பதில் இல்லாததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது, வியாபாரிகளுக்கு மட்டும் விற்கும் வரை உங்களுக்குத் தேவையே இல்லை.

சாப்ட்வேர் இப்போதைக்கு வாங்க வேண்டாம். எக்செல்லில் நாலு பக்கம் போதும். ஆறு மாதம் விடாமல் எழுதிய பிறகு வாங்குவதானால், எடை, டச், சுத்தம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மளிகைக் கடை பில்லிங்கைக் கொஞ்சம் மாற்றிக் கொலுசுக்கு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.