உயில் நிறைவேற்றுநர் நான். வீட்டில் இருக்கும் தம்பி காலி செய்ய மறுக்கிறான். என்ன செய்யலாம்?

வீட்டை விற்று மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது அம்மாவின் உயில். தம்பி நகர மாட்டேன் என்கிறார். நிலைமை இதுதானே?

பூட்டை மாற்றுவது, கரண்டை நிறுத்துவது மட்டும் வேண்டாம். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் (1963) 6ஆவது பிரிவின்படி, சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வரலாம். அங்கே சொத்து யாருடையது என்ற பேச்சே எடுபடாது.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் (1925) 211ஆவது பிரிவின்படி சொத்து நிறைவேற்றுநரிடம் வந்து சேர்கிறது. உங்கள் இசைவு இல்லாமல் தம்பியின் உரிமை முழுமை பெறாது என்கிறது 332ஆவது பிரிவு. ஆனால் அந்த இசைவு வாய்ப்பேச்சிலோ நடந்துகொள்ளும் விதத்திலோகூட வெளிப்பட்டுவிடலாம். அதனால் "சரிடா, நீயே இருந்துக்கோ" என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள்!

முதலில் மற்ற இருவரின் பங்கையும் சந்தை விலைக்கு அவரே வாங்கிக்கொள்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். பல வீடுகளில் பிடிவாதத்துக்குக் காரணம் பாசமல்ல, போக இடமில்லாததுதான். காலி செய்ய நியாயமான கெடு கொடுங்கள். அப்புறமும் மசியவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. அதுவரை வீட்டு வரி, பழுதுச் செலவு ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கணக்குக் கேட்கப்போவது உங்களிடம்தான்.